மெடிக்கல் வாரத்துச் சமையல்

போன வாரம் ஷிரீன் போன் செய்தாள். நான் வேலை பார்த்த செகந்திராபாத் மருத்துவமனையின் இதயப் பிரிவில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். என்னோடு ஆறு வருஷம் இருந்ததில் தமிழும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஹார்ட் அட்டாக்னு யார் வந்தாலும் மூணு மாசச் சர்க்கரை எடுக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரே கேக்குது. எடுக்கலைன்னா அடுத்த பக்கமே போகாது. உங்க டைம்ல முதல்ல எல்லாருக்கும் எடுக்கலையாமே. கைக்கு அக்கா?”

கைக்கு என்றால் ஏன். இந்த ஊர் உருதுவில் இதைவிடச் சுருக்கமாக ஒருத்தியைக் கூண்டில் ஏற்ற முடியாது. நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது நிமிஷம் ஆகியும் முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது; அதைத் துடைத்துக்கொண்டே பேசினேன். டூட்டிக்கு நேரமாகிறது என்று அவள்தான் போனை வைத்தாள். என்னால் நிறுத்த முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இ.சி.ஜி. டெக்னீஷியன். பாளையங்கோட்டையில் டிப்ளமா படித்தேன், கல்யாணமானது, கிரேன் ஆபரேட்டராக இருந்த கணவர் முருகேசனோடு இங்கே வந்து மல்காஜ்கிரியில் குடியேறினேன். தெலுங்கு தெரியாமல் முதல் மூன்று மாதம் நோயாளிகளைக் கையசைத்தே படுக்கவைத்து, கையசைத்தே எழுப்பிவிட்டேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி அவ்வளவுதான். நெஞ்சில் ஆறு, கைகால்களில் நான்கு என்று ஒயர் மாட்டுவதையும், ஊசி குத்தி ரத்தம் எடுப்பதையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஓர் ஆளிடம் கேள்வி கேட்டு உண்மையை வாங்குவதைப் பத்மஜா மேடம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகும் கோட்டை விட்டேன்.

பத்மஜா மேடம் எங்கள் பிரிவின் தலைமை டாக்டர். பேசுவது தெலுங்கு, நான் தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் வார்டில் பாதிப் பேருக்கு வேறெங்கோ அவசர வேலை வந்துவிடும். அவருக்கு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி மாரடைப்பு. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரே ஒரு ரத்தக்குழாயில் ஒரே ஒரு அடைப்பு, மற்றதெல்லாம் சுத்தம். இன்னொருவருக்கு மூன்று பெரிய குழாய்களும் அடியிலிருந்து நுனிவரை பாழ். ஏன் இப்படி? சிகரெட்டா, சர்க்கரையா, ரத்தக் கொதிப்பா, அப்பா வழி வந்ததா, தொப்பையா? மாரடைப்பு என்று வருகிற ஒவ்வொருவரிடமும் இதையெல்லாம் கேட்டு ஒரு படிவத்தில் எழுதவேண்டும் என்று முடிவு செய்தார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘சொன்னது’, மற்றது ‘பார்த்தது’. நோயாளி சொன்னது முதல் கட்டத்தில். நம் கையால், நம் கருவியால், நம் கண்முன் அளந்தது மட்டும் இரண்டாவது கட்டத்தில். அளக்கவில்லையா, கோடு போட்டுவிட்டு வா. “வெற்றுக் கட்டத்தால் எனக்கு நஷ்டமில்லை அம்மா. தப்பான எண்ணால்தான் ஆள் சாவான்” என்பார்.

கேட்பதற்கும் முறை உண்டு. சிகரெட்டைப் பற்றிக் குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கவேண்டும். ‘பிடிப்பீங்களா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். ‘ஒரு நாளைக்கு எத்தனை’ என்று கேட்கவேண்டும். இடுப்புச் சுற்றளவை, ஆள் எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்கவேண்டும். ஆண்கள் நாடாவைக் கண்டதுமே வயிற்றை எக்கிக்கொள்வார்கள். ஏதாவது பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்து, சிரித்து முடிக்கிற நொடியில் எண்ணைப் படித்துவிடவேண்டும். எமனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், என் நாடாவுக்கு முன்னால் தொப்பையை மறைக்கிறார்களே என்று எனக்குத்தான் சிரிப்பு வரும்.

நான் எழுதிய படிவம் ஒரு பழுப்பு உறைக்குள் போய்விடும். ஆஞ்சியோகிராம் படத்தை வேறொரு டாக்டர், ஆள் யார் என்றே தெரியாமல் பார்த்து, அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார். மதிப்பெண் ஏற ஏற நோய் மோசம். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். அது இன்னொரு உறை. சனிக்கிழமை மூன்று மணிக்கு டீ ரூமில் இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரும். நான் படிவத்தைப் படிப்பேன். எல்லோரும் எத்தனை குழாய் என்று ஊகம் சொல்லுவோம். அப்புறம் இரண்டாவது உறையைப் பிரிப்போம். அடடா, அந்த உறை கிழிகிற சத்தம்! இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது. நான்கு வாரம் தொடர்ந்து நான்தான் சரியாகச் சொன்னேன். தலைக்கனம் ஏறிவிட்டது. அதுவும் இந்தக் கதையில் ஒரு கட்சி.

அந்தச் சமயத்தில்தான் கோபால் வந்தார். என் வீட்டுக்காரரோடு அதே தொழிற்சாலையில், அதே கிரேன் பிரிவில் இருந்தவர். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம், இந்த ஊரில் அப்படிப் பல இருக்கின்றன. திருச்சிக்காரர், நாற்பத்தாறு வயது, என்னை அண்ணி என்று கூப்பிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் கிரேன் கூண்டிலிருந்து இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். இ.சி.ஜி. எடுத்தது நான். தாளில் கோடு மதில் மாதிரி எழுந்து நின்றது. தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். மேடம் அந்த வாரம் வெளியூரில். டூட்டி டாக்டர் உடனே முழுசாக அடைத்திருந்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார். உயிர் தங்கியது. மற்ற இரண்டு குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது, அவற்றுக்கு மேடம் வந்ததும் திங்கட்கிழமை ஸ்டென்ட் வைக்கலாம் என்று அவர் வீட்டாரிடம் சொன்னார்கள். எனக்கு அந்த விவரம் தெரியக்கூடாது என்பது விதி; தெரியவுமில்லை.

வியாழக்கிழமை படிவத்தோடு போனேன். “சுகர் இருக்கா தம்பி?” என்றேன்.

“அதெல்லாம் இல்ல அண்ணி. நம்ம மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பாருங்க” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி லலிதா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினாள். தொழிற்சாலையில் வருஷா வருஷம் எடுக்கிற உடல் பரிசோதனை, பத்து வருஷத்து அறிக்கைகள். வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் நூறுக்குள்.

தெரிந்த குடும்பம். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ‘சொன்னது’ கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். ‘பார்த்தது’ கட்டத்தில் ஃபைலைப் பார்த்து 92 என்று எழுதினேன். நான் அளக்காத எண். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற பரிசோதனை அப்போது எங்கள் லேபில் கிடையாது, வெளியே அனுப்பவேண்டும். அதனால் சர்க்கரை உண்டு என்று சொன்னவர்களுக்கு மட்டும்தான் எடுத்தோம். ஷிரீனின் கைக்குவுக்கு முதல் பதில் இதுதான்.

வந்த அன்று கோபாலின் ரத்தத்தில் சர்க்கரை இருநூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. மாரடைப்பின் அதிர்ச்சியில் யாருக்கும் சர்க்கரை ஏறலாம், அது உண்மைதான். டூட்டி டாக்டர் நான் கேட்டு எழுதியதைப் பார்த்துவிட்டு, அதிர்ச்சியால் ஏறியது என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மேடம் வந்துவிட்டார். உறையைப் பிரித்துப் படித்தேன். நாற்பத்தாறு வயது, சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, அப்பா எண்பது வரை இருந்தார், தொப்பை கொஞ்சம். “ஒரு குழாய்” என்றேன் மிதப்பாக. மேடமும் ஒன்று என்றார். இரண்டாவது உறையைப் பிரித்தால், அந்த மாதத்திலேயே பெரிய மதிப்பெண். மூன்று குழாய்களும்.

ஆஞ்சியோகிராம் அறையில் கேமரா இயக்குகிற யூசுஃப் பாய் அதுவரை சாயாவை ஊதிக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்தார்.

“மேடம், அந்த ஆளுக்கு இன்னும் ரெண்டு ஸ்டென்டா? நக்கோ மேடம், வேண்டாம். நான் பார்த்தேன் அந்த நஸ்ஸை, அந்தக் குழாயை. மெல்லிசு, நீளம், நுனி வரைக்கும் கெட்டிருக்கு. அது சுகர்காரன் நஸ். இருபது வருஷமா படம் எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “வசந்தா, சர்க்கரை இல்லை என்று யார் பார்த்தது?”

“ரிப்போர்ட் இருக்கு மேடம். பத்து வருஷ ரிப்போர்ட்” என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. தொண்டையில் பாகற்காய் கசந்தது.

தொழிற்சாலைப் பரிசோதனைக்கு முந்தைய நாட்களுக்கு எங்கள் குடும்பங்களில் மெடிக்கல் வாரம் என்று பெயர். பரிசோதனைத் தேதி நோட்டீஸ் போர்டில் வந்ததும் வீட்டுக்கு வீடு சமையல் மாறும். சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது. பாகற்காய், கொள்ளு, வெந்தயத் தண்ணீர், சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடை. கடைசி இரண்டு நாள் மோர் மட்டும். சிலர் தெரியாத டாக்டரிடம் மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, தொண்ணூறு என்று வாங்கிக்கொண்டு, டிஸ்பென்சரி வாசலைத் தாண்டியதும் நேராக ஜிலேபிக் கடை. சர்க்கரை கூடினால் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். பெண்களாகிய நாங்கள் பாகற்காயின் கசப்பை எப்படிக் குறைப்பது என்று மாடிப்படியில் நின்று பேசிக்கொள்வோம். பொய் சொல்கிறோம் என்று யாருக்கும் தோன்றியதேயில்லை. போட்டோ எடுக்கப் போகும்போது சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரிதான் நினைத்தோம். நான் பதினோரு வருஷம் அந்தச் சமையல் செய்தேன், இதயப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே! என் புத்தியை எந்த அளவுநாடாவால் அளப்பது?

சர்க்கரை உள்ளவருக்கு மூன்று குழாய்களும் இப்படி நீளக் கெட்டிருந்தால், அங்கங்கே ஸ்டென்ட் வைப்பதைவிட பைபாஸ் அறுவைதான் நீண்ட நாளைக்கு நல்லது என்பது மேடம் கடைப்பிடித்த வழி. சர்க்கரை இல்லை என்ற என் எழுத்தை நம்பித்தான் திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஸ்டென்ட் என்று நேரம் குறித்திருந்தார்கள். அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும், திறக்கவில்லை. திறந்தால் என் வீட்டுக்காரரும் மாட்டுவார். “ஏதாவது தெரிந்தால் எட்டு மணிக்குள் வந்து சொல்” என்று மேடம் எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“சொன்னா என்ன ஆவும்னு தெரியுமா? கோபால் ஒருத்தனோட நிக்காது. ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா மொத்தச் செக்ஷனையும் கூப்பிட்டு எடுப்பான். எல்லாரும் கீழ எறங்கணும். நானுந்தான்.”

“கோபால் தம்பி மேல போயிட்டா பரவால்லையா?”

“அதுக்கு நீ எதுக்குச் சொல்லுத? அவன் பொண்டாட்டி இருக்கால்லா, அவ சொல்லட்டும்.”

அதுவும் நியாயம்தானே என்று ஞாயிற்றுக்கிழமை காலை லலிதாவைப் பார்க்கப் போனேன். காத்திருப்போர் ஹாலில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டு முடிக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிடாதீங்கக்கா. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன். பத்து வருஷமா அந்தக் கூண்டுதான் அவருக்கு உசுரு. கீழ உக்கார வச்சா மனசு ஒடஞ்சே போயிடுவாருக்கா.”

“மாத்திரையும் போட்டாரா லலிதா?”

கைப்பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். உள்ளே பாதி தீர்ந்த இரண்டு அட்டைகள். சர்க்கரை மாத்திரை. “மெடிக்கல் வரும்போது மட்டுந்தான்க்கா” என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என் சமையலறையில் நான் வேறென்ன செய்தேன்?

திங்கட்கிழமை ஏழேகால் மணிக்கு மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன். கோபாலுக்குச் சர்க்கரை இருக்கிறது, எட்டு மணிக்கு அவரை மேஜையில் ஏற்றவேண்டாம் என்றேன்.

“எப்படித் தெரியும்?”

“பரிசோதனைக்கு முன்னால் ஒரு வாரம் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டுவார்கள் மேடம்.”

“யார் சொன்னார்கள்?”

“யாரும் சொல்லவில்லை. சமைத்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு, பதினோரு வருஷமாக.”

மேடம் கண்ணாடியைத் தொடவில்லை. போனை எடுத்து, கோபாலின் எட்டு மணியை நிறுத்தச் சொன்னார். அப்புறம் என் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து ஒரு பேனா கொடுத்தார். 92ஐ வெள்ளை மை பூசி மறைக்கக்கூடாது, கிறுக்கவும் கூடாது. உள்ளே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு; பக்கத்தில் தேதி, கையெழுத்து, காரணம். ‘நான் அளக்கவில்லை, பழைய அறிக்கையைப் பார்த்து எழுதினேன்’ என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் கண் கலங்கி எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

“அழுது என்ன அம்மா ஆகும்? போய் ரத்தம் எடு” என்றார்.

மறுநாள் முடிவு வந்தது. ஒன்பது புள்ளி எட்டு. ஆறரைக்கு மேலே போனாலே சர்க்கரை நோய். எனக்குக் குதிக்கத் தோன்றியது. ஒரு கட்டத்தைத் திருத்தி எழுதினோம், ஓர் ஆளின் வைத்தியமே மாறியது! சர்ஜன் படத்தைப் பார்த்தார், கோபாலிடமும் லலிதாவிடமும் பேசினார். கோபால் வந்த பத்தாவது நாள் பைபாஸ். மூன்று குழாய்க்கும் மூன்று ஒட்டு. நல்லபடி முடிந்தது.

மேடம் அதோடு விடவில்லை. உறைகளையெல்லாம் மறுபடி பிரித்தார். சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை, ஆனாலும் மூன்று குழாய்களும் கெட்டிருக்கிறதே என்று நாங்கள் வியந்த ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு மூன்று மாதச் சர்க்கரை எடுத்தோம். அவர்களில் பலருக்கு இருந்தது. மாத்திரை போட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்தவர்கள், சொந்தக்காரர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டவர்கள், எங்களைப் போல இஸ்திரி போட்டவர்கள். அன்றிலிருந்து சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் எடுத்தோம். ஷிரீனுடைய கம்ப்யூட்டர் இப்போதுதான் அதைக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் வீட்டு விஷயம் பாக்கி இருந்தது. “தொழிற்சாலைக்கு நான் போன் செய்தால் அது புகார். கிரேன் ஆட்களே வந்தால் வைத்தியம். இரண்டு வாரம் தருகிறேன்” என்று மேடம் சொல்லியிருந்தார். ரத்தம் பிடிக்கிற ஊதா மூடிச் சின்னக் குழாய்கள் ஒரு பெட்டி கொடுத்து, சீட்டும் எழுதித் தந்தார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைக்கூட ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசியது.

இரண்டாவது வாரம் அவரைக் கட்டாயப்படுத்திக் கோபாலைப் பார்க்கக் கூட்டிப் போனேன். நெஞ்சைப் பிளந்து தைத்தவர்கள் இருமினாலும் சிரித்தாலும் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கோபால் இவரைப் பார்த்ததும் தலையணையை இழுத்து அணைத்துக்கொண்டார். “பத்து வருஷமும் பாஸ் ஆயிட்டேன்ல அண்ணே!” என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் மல்காஜ்கிரி வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். அன்று சாயங்காலம் வெளியே போனவர் எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழே கேட் திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் கிரேன் பிரிவு ஆட்கள் ஆறு பேர், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு படியேறி வருகிறார்கள். ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன்.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரை. என் வீட்டுக்காரருக்கு எட்டு புள்ளி ஒன்பது. ஐந்து பேரும் அறிக்கையை அவர்களாகவே கொண்டுபோய்த் தொழிற்சாலை டாக்டரிடம் கொடுத்தார்கள். மூன்று பேர் மருந்தில் சரியாகி மறுபடி கிரேன் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்தார், ஆறு மாதம் என்னோடு சிடுசிடுத்தார், ஆனால் நன்றாக இருக்கிறார்.

அன்று காலை முதல் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான். யாரையும் பார்க்காமல் கையை நீட்டினார். நான் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடிக்கொண்டே, வழக்கம்போல ஒன்றைக் கேட்டுவிட்டேன். இந்தப் பரிசோதனைக்கு அதைக் கேட்கவே தேவையில்லை. பழக்கம்.

“ஏதாவது சாப்பிட்டீங்களா?”

ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு என்னோடு பேசினார்.

“நாலு இட்லி, ரெண்டு வடை, சக்கர போட்ட காப்பி. எழுதிக்கோ.”